முதல் தட்டு

எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது. பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டித் திறந்து உள்ளே ஒட்டியிருப்பதை வழித்து எடுப்பவள் நான். என் கணவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். காலையில் அடுப்பில் சூடு நிலைப்பதற்கு முன் வேகும் முதல் தட்டு ரொட்டி ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் வெளுத்தும் வரும். அதை அவர் விற்க மாட்டார். நான் தூக்கிப்போட விடமாட்டேன். அதனால் கல்யாணமான பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில் அந்த ரொட்டிதான். வீட்டில் மிஞ்சினால் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்த் தேநீர் மேசையில் வைத்துவிடுவேன். அங்கே எல்லோரும் நல்லவர்கள், முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள்.

என் வேலை பழ ஈக்களோடு. வாழைப்பழத்தை மூடாமல் வைத்தால் சமையலறையில் வந்து மொய்க்குமே, அதே சின்ன ஈ. சொந்தக்காரர்கள் எங்கே பார்த்தாலும் "இன்னும் ஈதான் ஓட்டிட்டு இருக்கியா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். ஒன்பது வருஷமாக ஒரே நகைச்சுவை. நானும் புதிதாகக் கேட்பவள்போலச் சிரித்து வைப்பேன்.

ஈ முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். அதற்குள் நடப்பதுதான் என் பிழைப்பு. முட்டையில் கரு வளரத் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம் அதற்குச் சொந்த புத்தி கிடையாது. அதன் மரபணுக்கள் அநேகமாக வாயைத் திறப்பதே இல்லை. எந்தப் புரதத்தை எங்கே செய்ய வேண்டும் என்ற உத்தரவுகளைத் தாய் ஈ முட்டையை உருவாக்கும்போதே எம்.ஆர்.என்.ஏ வடிவில் ஏராளமாக உள்ளே வைத்து அனுப்பியிருக்கும். எங்கள் ஆய்வகத்துப் பேச்சில் அவற்றுக்குச் சீட்டு என்று பெயர். முன்முனையில் கிடக்கும் ஒரு சீட்டு அங்கே தலை வரட்டும் என்கிறது. பின்முனையில் கிடக்கும் இன்னொன்று அங்கே வால்பக்கம் வரட்டும் என்கிறது. இடம் மாறினால் வால் வரவேண்டிய இடத்தில் தலை முளைத்துவிடும். இடம் மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. வேளை வந்ததும் சீட்டு கிழியவும் வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனதும் கரு, தாய் வைத்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் மரபணுக்களைத் தானே படிக்க ஆரம்பிக்கும்.

இதில் நான் ஒன்று கண்டுபிடித்திருந்தேன். சீட்டு வேளைக்கு முன் கிழியாமல் காக்கும் ஒரு காவல்காரப் புரதம். அது இல்லாத தாய் ஈக்களை வளர்த்து, அவை இட்ட முட்டைகளை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து, நூறு நூறாக அரைத்து, உள்ளே ஒரு குறிப்பிட்ட சீட்டு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தேன். கிட்டத்தட்ட பாதிதான் இருந்தது. சாதாரணத் தாயின் முட்டைகளில் முழுசாக இருந்தது. ஆகவே காவல் இல்லாவிட்டால் அந்தச் சீட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிழிகிறது. மூன்று வருஷ வேலை. கட்டுரையும் எழுதியாயிற்று. எங்கள் ஆய்வகத் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்போம். அவர் நான்கு ஊர்களில் மேடையேறி அதைப் பேசிவிட்டும் வந்திருந்தார்.

ஆனால் டாக்டரம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கண்டுபிடித்தாலும், இன்னொருவர் கை அதைச் செய்து பார்த்த பிறகுதான் கட்டுரை வெளியே போகும். அந்த இன்னொரு கை எட்டு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த தாராளம்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். ஈக்கூண்டின் அடியில் ஆப்பிள் சாறு கலந்த ஜெல்லித் தட்டு ஒன்றை வைத்து, நடுவில் ஒரு பொட்டு ஈஸ்ட் விழுது தடவுவோம். அந்த வாசனைக்கு ஈக்கள் இறங்கி வந்து ஜெல்லியில் முட்டையிடும். ஈஸ்ட் எங்கள் கடையிலிருந்துதான் போகும். காலையில் வைக்கும் முதல் தட்டை ஒரு மணி நேரம் கழித்து எறிந்துவிட வேண்டும், இரண்டாவது தட்டு முட்டைகளைத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்பது ஈ வளர்ப்பவர்களின் விதி. இடம் பிடிக்காவிட்டால் தாய் ஈ முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்திருக்கும், அந்தப் பழைய முட்டை முதல் தட்டில்தான் விழும் என்று காரணம் சொல்வார்கள். புதிதாக வந்தவர் அந்த விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். ஈஸ்டையும் பொட்டாக வைக்காமல் அள்ளிப் பூசினார். ஒருநாள் அவர் முதல் தட்டைக் குப்பையில் போடுவதைப் பார்த்துவிட்டு, "சார் ரொம்ப தாராளம்" என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். ஆய்வகத்தில் யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்கள் அக்கா. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

நான் முதல் தட்டை எறிந்ததில்லை. சாதாரண ஈயென்றால் எறியலாம், ஒரு தட்டில் முந்நூறு முட்டை கிடக்கும். காவல்காரப் புரதம் இல்லாத தாய்கள் மகா சோம்பேறிகள். ஒரு மணி நேரத்தில் நாற்பது முட்டை இட்டால் அதிசயம். எனக்கு அரைக்க நூறு வேண்டும். கண்ணெதிரே நாற்பது முட்டை கிடக்கும்போது எப்படி எறிவது? ஒன்றிரண்டு பழையது சேர்ந்தால் குடி முழுகிவிடாது என்று எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொள்வேன்.

தாராளம் ஆறு முறை செய்து பார்த்தார். அவர் அரைக்கவில்லை. முட்டைகளைச் சாயத்தில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறை அவருடையது. ஆறு முறையும் சீட்டு முழுசாக இருக்கிறது என்றே வந்தார். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மனுஷனைப் பத்தி என்ன நினைக்கிறே?" என்று கேட்டார்.

"நல்ல மனுஷன் டாக்டரம்மா. ஆனா வேலை கைக்கு வரலை" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "நானும் அதான் நினைச்சேன். வியாழக்கிழமை கூட்டத்துல சொல்லிடறேன். இந்த மாசத்தோட முடிச்சுக்கட்டும்."

மனைவி, இரண்டு பெண்கள், மாமியார் என்று வீட்டையே கிளப்பிக்கொண்டு இந்த வேலைக்காக இடம் மாறி வந்தவர். பெரிய பெண்ணுக்கு இப்போதுதான் பள்ளிக்கூடம் பழகியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் கண்டுபிடிப்பை ஆறு முறை இல்லையென்று சொன்னவர்மேல் பாவம் கொஞ்ச நேரந்தான் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஈ அறையில் நான் முட்டைகளைத் தூரிகையால் வழித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அரைக்கிறதுக்கு முன்னாடி இந்த முட்டைங்களை ஒரு தடவை மைக்ராஸ்கோப்ல பாத்திருக்கீங்களா? அரைச்சா மொத்தமாத்தான தெரியும். எது எப்படி இருந்துச்சுன்னு தெரியாது இல்லையா, அதான்."

"சார், நான் ஒன்பது வருஷமா அரைக்கிறேன்."

"தெரியும்க்கா."

"எனக்கு அரைக்கச் சொல்லித் தரணுமா?"

"ஐயோ, இல்லக்கா. சும்மா தோணுச்சு." அவர் தலையாட்டிவிட்டுப் போய், நான் தொட்டியில் போட்டுவைத்திருந்த முட்டை அலசும் சல்லடைகளையும் சேர்த்துக் கழுவி வைத்தார். பதிலுக்கு ஒரு வார்த்தை சூடாகச் சொல்லியிருந்தால் என் கோபம் அங்கேயே தீர்ந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அது உள்ளேயே கொதித்தது. சரி, பார்த்துவிடுவோம், வியாழக்கிழமை கூட்டத்துக்குப் படத்தோடு போய் இந்த மனுஷன் வாயை அடைப்போம் என்று, அன்றைக்கு வழித்த முதல் தட்டு முட்டைகளை அரைக்காமல் அவர் முறைப்படியே ஓடு நீக்கிச் சாயத்தில் ஊறவைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, முகம் முதல் தட்டு ரொட்டி மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன்.

"அந்த ஆள் கேட்டது தப்பா?" என்றார்.

"கேட்ட விதம் தப்பு."

"எப்படிக் கேட்டார்?"

"மரியாதையா."

அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தேன். மொத்தம் நாற்பத்தொரு முட்டைகள். சீட்டு இருக்கும் இடம் சிவப்பாக ஒளிரும். உட்கரு நீலமாக ஒளிரும். முதலில் சிவப்பைக் காட்டும் விளக்கை மட்டும் போட்டேன். முதல் முட்டை முழுக்கச் சிவப்பு. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவது இருட்டு. சீட்டே இல்லை. 'பாத்தீங்களா சார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை ஒளிப்பானேன், எனக்குக் காலைத் தரையில் தட்ட வேண்டும்போல் இருந்தது.

படம் முழுமையாக இருக்கட்டும் என்று நீலத்தையும் போட்டேன்.

ஈயின் கரு ஆரம்பத்தில் செல் செல்லாகப் பிரித்துச் சுவரே எழுப்பாது. உட்கருக்கள் மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிக்கொண்டே போகும். எத்தனை உட்கரு என்று பார்த்தால் முட்டையின் வயது தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட முட்டையில் மிஞ்சிப்போனால் இருநூறு இருக்கும், அதுவும் உள்ளே ஆழத்தில். இந்த நான்காவது முட்டையில் ஆயிரக்கணக்கில் இருந்தன. தோலுக்கு அடியில் வரிசை கட்டி நின்றன. பின்முனையில் உருண்டையான செல்கள் சில தனியாகப் பிதுங்கியிருந்தன. அதற்கு வயது இரண்டு மணி நேரத்துக்குமேல். நான் தட்டு வைப்பதற்கு முன்பே அது தாய் வயிற்றுக்குள் வளர ஆரம்பித்திருந்தது. அதன் சீட்டு முன்னதாகக் கிழியவில்லை. கிழியவேண்டிய வேளையில்தான் கிழிந்திருந்தது.

மீதியையும் பார்த்தேன். நாற்பத்தொன்றில் பதினேழு பழைய முட்டைகள். பதினேழும் இருட்டு. உண்மையிலேயே ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட இருபத்துநான்கும் சிவப்பு. சாதாரணத் தாய்கள் மளமளவென்று முட்டையிடுவதால் அவற்றின் வயிற்றில் பழசு அதிகம் தங்குவதில்லை. இந்தச் சோம்பேறித் தாய்கள் அடக்கி அடக்கி வைத்திருக்கின்றன. மூன்று வருஷமாக நான் பழசையும் புதுசையும் ஒன்றாக அரைத்துவிட்டு, சீட்டு பாதிதான் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். பத்தாயிரம் ஈக்கள் இருக்கும் அந்த இடத்தில் என் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

அப்போது ஒரு எண்ணம் வந்தது. அரைத்ததை இனி யாரும் திறந்து பார்க்க முடியாது. எந்த முட்டைக்கு என்ன வயது என்று அந்த விழுது சொல்லப்போவதில்லை. இந்த மாசத்தோடு தாராளமும் போய்விடுவார். முட்டைகளைப் பரப்பியிருந்த இந்தக் கண்ணாடித் துண்டைக் கழுவி வைத்துவிட்டால் முடிந்தது. அந்த எண்ணம் வந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. வந்தது, ஐந்து நிமிடம் என்னோடு உட்கார்ந்தும் இருந்தது. கதவுக்கு வெளியே அவர் யாருக்கோ போனில், "பெரியவளுக்கு இங்க டீச்சரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு போனார். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"சார், போனை வச்சிட்டு கொஞ்சம் உள்ள வாங்க."

அவர் உட்கார்ந்து பார்த்தார். நீலத்தைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார், திரும்ப நீலத்தைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். 'நான் அப்பவே கேட்டேனே' என்று அவர் சொல்வார், சொல்லட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தயாராக இருந்தேன்.

"அக்கா, இந்தப் பின்முனையைப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன். பழைய முட்டைன்னு தெரியுது சார். எல்லாம் என் தப்புதான்."

"அது இல்லக்கா. சீட்டைப் பாருங்க. இந்த வயசுல மத்த இடத்துலதான் கிழியணும். பின்முனையில மட்டும் கிழியாம இருக்கணும். அங்க சிவப்பா ஒரு பொட்டு தெரியணும். இங்க அதைக் காணோம்."

நான் அவரைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டுப் பார்த்தேன். ஆமாம். மற்ற இடத்துச் சீட்டெல்லாம் போன பிறகும் பின்முனைச் சீட்டு பிழைத்திருக்க வேண்டும். அங்கே உருண்டு நிற்கும் செல்கள்தான் பின்னால் அடுத்த தலைமுறையின் முட்டைகளாகப் போகிறவை. அவற்றுக்கு அந்தச் சீட்டு இன்னும் வேண்டும். அவர் ஓடிப்போய்ச் சாதாரண ஈயின் அதே வயது முட்டைப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் இருட்டு, பின்முனையில் மட்டும் குங்குமம் வைத்ததுபோல் ஒரு பொட்டு. என் பதினேழையும் மறுபடி பார்த்தோம். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

"அப்ப காவல் முட்டை முழுக்க இல்ல. அந்த மூலைக்கு மட்டும்" என்றேன்.

"அப்படித்தான்க்கா தெரியுது."

"ஆறு தடவை பாத்தீங்களே, உங்களுக்கு இது எப்படிப் படலை?"

அவர் வெட்கப்பட்டார். "நான்தான் முதல் தட்டைத் தூக்கிப் போட்டுட்டேனே. ஒரு மணி நேர முட்டையைத் தவிர வேற எதையும் பாக்கலை. நீங்க சொன்னது அந்த ஒரு மணி நேரத்தைப் பத்தித்தானே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு டாக்டரம்மாவிடம் போகலாம் என்று எழுந்தேன். அவர் தயங்கினார்.

"அக்கா, அந்தப் பழைய தப்பை இப்பவே போட்டு உடைக்கணுமா? முதல்ல புதுசைச் சொல்லுங்க. பழசை மெதுவா சொல்லிக்கலாம்."

"உங்களுக்கு வேலை கைக்கு வரலைன்னு நான் சொல்லி வச்சிருக்கேன் சார். நாளைக்குக் கூட்டத்துல உங்களை அனுப்பப் போறாங்க. அதை யார் வந்து மாத்துவாங்க?"

அவருக்கு அது தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கும் தைரியம் இல்லை. கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

டாக்டரம்மா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு சுளையைக்கூட வாயில் போடவில்லை.

"எத்தனை நாளா முதல் தட்டை அரைச்சிட்டு இருக்கே?"

"மூணு வருஷமா."

"நாலு ஊர்ல போய்ப் பேசினேன் நான்."

"தெரியும் டாக்டரம்மா. அது தப்புன்னு நாலு ஊருக்கும் நானே எழுதறேன்."

"எழுதினா போதாது. அடுத்த கூட்டத்துல நீயே மேடையேறிச் சொல்லணும்."

"சொல்றேன்."

"அந்த மனுஷனோட கைவேலை?"

"ஆறு தடவையும் அவர் செஞ்சதுதான் சரி. எனக்குத்தான் கண்ணு தெரியலை."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்ட ஒரு தாளை எடுத்தார். தாராளத்தை வேலையிலிருந்து அனுப்பும் கடிதம் என்பதைத் தலைகீழாகவே படித்தேன். டாக்டரம்மா அதை இரண்டாகவும் நான்காகவும் கிழித்து ஆரஞ்சுத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டார். ஒரு சீட்டு வேளையோடு கிழிவதை நான் முதல்முறையாக வெறுங்கண்ணால் பார்த்தேன்.

"அந்தப் பதினேழை எந்தக் கட்டுரையிலும் எழுதக் கூடாது. ஒழுங்கா வயசு பாத்து மறுபடியும் செய்யுங்க, ரெண்டு பேரும்" என்றவர், ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான் தண்டனை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு மேடையேறிய அன்றுதான் தண்டனை எதுவென்று தெரிந்தது. அதையும் தாண்டியாயிற்று.

நான்கு மாதம் ஆனது. முதல் தட்டை எறிந்து, இரண்டாவது தட்டை எடுத்து இரண்டு மணி நேரம் வளரவிட்டு, உட்கருவைப் பார்த்து வயதைச் சரிபார்த்துச் செய்தோம். பின்முனைப் பொட்டு இல்லை. மறுபடி செய்தோம். அப்போதும் இல்லை. முன்பு சொன்னதைவிடச் சின்னக் கண்டுபிடிப்புதான், ஒரு மூலைக்கு ஒரு காவல்காரன். ஆனால் உண்மை. கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. முதல் தட்டை எறிய மட்டும் எனக்கு இன்னும் கை வரவில்லை. குப்பைக்கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் பக்கத்தில் வந்து, "விடுங்கக்கா" என்பார். விட்டுவிடுவேன்.

கட்டுரை வெளிவந்த அன்று கணவர், "இன்னைக்காவது ஆய்வகத்துக்கு ஒழுங்கான ரொட்டி எடுத்துட்டுப் போ" என்று மூன்றாவது தட்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். தேநீர் மேசையில் திறந்தேன். எல்லாப் பக்கமும் ஒரே நிறம். தாராளம் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். இன்னொரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றார், எப்போதும்போல மரியாதையாக. "ஒரு வருஷமா உங்க வீட்டுக்காரர் ரொட்டியைச் சாப்பிட்டுட்டு, பாவம், நல்ல மனுஷன், வேலைதான் கைக்கு வரலைன்னு நினைச்சிட்டு இருந்தேன்."